ஊருணி ஓலையில் ஒரு விரல்கறை

நடந்தவற்றை முதலில் வரிசைப்படி எழுதிவிடுகிறேன். வரிசை போட்டால் கோபம் கொஞ்சம் அடங்கும் என்பது என் அனுபவம். இந்த முறை அடங்கவில்லை.

1. மாசி சிவராத்திரி அன்று, எம். புதுப்பட்டிக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், சாமிப் பெட்டிக்குள் இருந்த பதினோரு ஓலைகளைப் படம் பிடித்தேன். ஓலைச்சுவடிகளில் மங்கிப்போன எழுத்தைக் கேமராவால் மீட்பது என் வேலை.

2. அவற்றில் ஒன்று, ஊரின் குடிதண்ணீர் ஊருணி யாருக்கு உரியது என்று சொல்லும் பத்திரம். வெறும் கண்ணுக்கு அது எழுத்தே இல்லாத பழுப்பு ஓலை. என் படத்தில் ஏழு வரி தெரிந்தது.

3. அந்த ஒரு படத்தை மட்டும், அறிக்கையும் மூலக்கோப்பும் இல்லாமல், கைபேசியில் ஊருக்கு அனுப்பினேன். “மிச்சம் பிறகு அனுப்புகிறேன்” என்று எழுதினேன். பிறகு அனுப்பவில்லை. இது என் தவறு.

4. ஊருணியைச் சுற்றி வேலி போட்டிருக்கும் பட்டாசுக் கம்பெனிக்கு எதிரான விசாரணையில் காட்டுவதற்காக, ஊரார் அந்தப் படத்தைச் சிவகாசியில் அச்சடித்தார்கள். அச்சகத்தில் படத்தைச் சுத்தம் செய்தார்கள்.

5. கம்பெனி வக்கீல் அதைப் பார்த்துவிட்டு, இது வரைந்த படம் என்றார். அவர் சொன்னது உண்மை.

6. விசாரணை அதிகாரி ஒரு வாரம் கொடுத்தார். அசல் ஓலையும் படம் எடுத்தவரும் நேரில் வர வேண்டும்.

7. நான் ரயில் ஏறினேன்.

செவ்வாய்க்கிழமை காலை சாத்தூரில் இறங்கினேன். கேமராப் பெட்டி, விளக்குப் பெட்டி, மூன்று கால் தாங்கி, முதுகுப்பை. நான்கையும் இரண்டு முறை எண்ணினேன். நான் கும்பகோணத்துப் பக்கம் பிறந்தவள். எங்கள் பக்கம் காலை எட்டு மணிக்கு வாசலில் ஈரம் இருக்கும். இங்கே எட்டு மணிக்கே நடைமேடைக் கம்பியில் கை வைக்க முடியவில்லை.

வெளியே நின்ற ஆட்டோக்காரர் சாமான்களை ஏற்றினார். விளக்குப் பெட்டியைத் தூக்கியவர், அதில் ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கரைப் பார்த்ததும் அப்படியே தரையில் வைத்துவிட்டார். பேட்டரிக்காக ஒட்டும் எச்சரிக்கைப் படம் அது. ஒரு தீச்சுடர்.

“என்ன இது, நெருப்புப் படம் போட்டிருக்கு?”

“பேட்டரி அண்ணே. விளக்குக்கு.”

“வெடிக்குமா?”

“வெடிக்காது.”

“வெடிக்காதுன்னா எதுக்கு நெருப்புப் படம் போட்டு அனுப்புறான்?”

அவருடைய பின்சீட்டுக்குப் பின்னால் கம்பி மத்தாப்பு அட்டைப்பெட்டிகள் நான்கு அடுக்கியிருந்தன. நான் அவற்றைக் காட்டினேன். அவருக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை.

“அது என்ன செய்யும்னு எனக்குத் தெரியும். ஒங்க பெட்டி என்ன செய்யும்னு யாருக்குத் தெரியும்?”

பக்கத்து டீக்கடைக்காரர் அடுப்படியிலிருந்தே தீர்ப்புச் சொன்னார். “ஏலே, ஏத்திட்டுப் போலே. டீச்சர் மாதிரி இருக்காக. அவுக மடியிலயே வச்சுக்கிடட்டும். வெடிச்சா அவுகளுக்குத்தான மொதல்ல?”

அப்படியே முடிவானது. சிவகாசி வரை பெட்டி என் மடியில் இருந்தது. மத்தாப்புப் பெட்டிகள் என் முதுகுக்குப் பின்னால் இருந்தன. வழியில் வாங்கிய காராச்சேவைப் பெட்டி மேல் வைத்தே தின்றேன். மிளகும் பூண்டும் தூக்கலாக இருந்தது. நல்ல காராச்சேவு. அதை ரசிக்கிற மனநிலையில் நான் இல்லை.

சிவகாசியில் நேராக அச்சகத்துக்குப் போனேன். முன்னறை முழுவதும் அடுத்த வருடத்துக் காலண்டர் தாள்கள். முருகன் ஒரு கட்டு, லட்சுமி ஒரு கட்டு, பச்சைப் பள்ளத்தாக்கில் ஒரு குடிசை ஒரு கட்டு. உள்ளே குளிர்சாதன அறையில் மூன்று கணினிகள். நடுக் கணினியில் இருந்தவர் செல்வம். முப்பது வயது இருக்கும். என்னை ஊருக்கு வரவழைத்த முத்துமாரி அக்காவின் தம்பி. அச்சுக்குப் போகிற படங்களைத் திருத்துவது அவர் வேலை. நான் போனபோது ஒரு பிள்ளையாரின் தும்பிக்கையில் இருந்த வெள்ளைப் புள்ளியை அழித்துக்கொண்டிருந்தார்.

“வாங்க மேடம், சாப்பிட்டீகளா?” என்று எழுந்தார். பிறகு, நான் கேட்காமலே, அலமாரிக்கு மேலிருந்து ஒரு சுருளை எடுத்து மேசையில் விரித்தார். அவர் முகத்தில் பெருமிதம் இருந்தது. அதைச் சொல்லியாக வேண்டும்.

கெட்டியான ஆர்ட் பேப்பர். இரண்டடி அகலம். என் ஓலை நடுவில் இருந்தது, அல்லது என் ஓலையாக முன்பு இருந்த ஒன்று. பழுப்புப் போய்ப் பொன்னிறம் வந்திருந்தது. சுற்றிலும் கொடி ஓடும் தங்கக் கரை. பூச்சி அரித்த ஓட்டைகளை அடைத்திருந்தார். அரைகுறையாகத் தெரிந்த எழுத்துகளை முழுசாக்கியிருந்தார். ஓரம் ஒடிந்து மூன்று சொற்கள் போன இடத்தில் மூன்று சொற்களைப் புதிதாக எழுதியிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே, அசலில் இல்லாத ஒரு பிள்ளையார் சுழி.

“இது எதுக்கு?” என்று சுழியைத் தொட்டுக் கேட்டேன்.

“பத்திரம்னா சுழி இல்லாம இருக்குமா மேடம்? அளிஞ்சு போயிருக்கும்னு போட்டுவிட்டேன்.”

“இந்த மூணு வார்த்தை?”

“அதுக்கு முன்னால ‘நான்கெல்லைக்கு’ன்னு இருந்துச்சு. அப்பொறம் ‘உட்பட்ட ஊருணி நிலம்’னுதான வரும்? எங்க முதலாளி வீட்டுப் பத்திரத்துலகூட அப்படித்தான் இருக்கு.”

கத்தக் கூடாது என்று முடிவெடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தேன். கத்தவில்லை. ஒரு தாள் கேட்டு வாங்கி, அவர் சேர்த்தவை ஒரு பக்கம், அழித்தவை ஒரு பக்கம் என்று இரண்டு பத்தி எழுதி அவர் முன்னால் வைத்தேன். சேர்த்தவை பதினேழு இடம். அழித்தவை ஒன்பது. படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது.

“தெளிவா இருந்தா அதிகாரி நம்புவாருன்னு நெனச்சேன் மேடம். மங்கலாக் கொண்டுபோனா எவன் பாப்பான்? இங்கன ஒரு படத்தை அப்படியே மிசினுக்கு அனுப்பினா என்னைய வேலையை விட்டுத் தூக்கிருவாக.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுவும் சேர்ந்து எரிச்சலானது. அவர் எதையும் மறைக்கவில்லை, ஏமாற்றவும் நினைக்கவில்லை. தினமும் செய்கிற வேலையை, இன்னும் கொஞ்சம் அக்கறையோடு செய்திருக்கிறார். ஒரு ஊரின் தண்ணீர் அந்த அக்கறையில் போகப் பார்த்தது.

அழித்தவை பட்டியலில் ஐந்தாவதைச் செல்வம் சுட்டினார். மூன்றாம் வரியின் நடுவில், கட்டைவிரல் அகலத்துக்கு இருந்த ஒரு வெள்ளைத் தீற்றல்.

“இதை நானா எடுக்கலை. அக்காதான் ‘இந்தக் கறையை மட்டும் எப்படியாச்சும் எடுத்திரு’ன்னுச்சு. ஒண்ணை எடுத்தா அடுத்தது கண்ணுல படும் மேடம். அதை எடுத்தா அதுக்கு அடுத்தது. எங்க தொழில்ல அதுதான் வியாதி.”

மத்தியானம் அவர் விடவில்லை. எண்ணெயில் பொரித்தெடுத்த பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை அவரே என் இலையில் ஊற்றினார். எங்கள் பக்கம் பரோட்டாவை இப்படி முறுக்கு மாதிரி உடைக்க முடியாது. மூன்று தின்றேன். கோபத்தில் எனக்குப் பசி கூடும்.

புதன்கிழமை டவுன் பஸ்ஸில் ஊருக்குப் போனேன். இறங்கி நடந்தால் முதலில் வருவது வேலிதான். சிமெண்ட் தூண், முள்கம்பி, இரும்புக் கதவு, பூட்டு. ‘வெடிபொருள் பகுதி. பாதுகாப்பு இடைவெளி. அத்துமீறி நுழையாதீர்.’ கம்பி வழியாகப் பார்த்தால் ஊருணி தெரிகிறது. கல் படிக்கட்டு, பாதி அளவுக்குத் தண்ணீர், ஓரத்தில் இரண்டு கொக்கு. வெடிமருந்து கலக்கும் அறைகள் எதுவும் பக்கத்தில் இல்லை. தூரத்துப் பொட்டலில் சின்னச் சின்னதாகத் தெரிந்தன.

ஆனால் ஊருணிக் கரையில் ஒரு மோட்டார் இருந்தது. அதன் குழாய் ஒரு டேங்கர் லாரிக்குள் போயிருந்தது. லாரியின் வயிற்றில் கம்பெனி பெயர். பெயருக்குக் கீழே ‘குடிநீர் உதவி’.

நான் அங்கேயே நின்றேன். லாரி நிரம்பியது. கதவு திறந்தது, லாரி வெளியே வந்தது, கதவைப் பூட்டினார்கள். லாரி என்னைத் தாண்டி ஊருக்குள் போய் நின்றது. குடங்களோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஓட்டுநர் இறங்கி, வரிசை நேராக இல்லை என்று சத்தம் போட்டார். நான்கு நாளைக்கு ஒரு முறை இப்படி வருமாம். சொந்த ஊருணித் தண்ணீரை உதவி என்று பெயர் எழுதிக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள், அதற்கு ஒழுங்காக வரிசையில் நிற்கவும் சொல்கிறார்கள். காவலாளி கதவுக்கு உள்ளிருந்து என்னைக் கைபேசியில் படம் பிடித்தார். நான் திரும்பி நின்று முகத்தை நன்றாகக் காட்டினேன்.

முத்துமாரி அக்கா அரை நாள் வேலையோடு மத்தியானம் வந்துவிட்டார். அதே கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற வேலை. நாற்பதை நெருங்குகிறவர். கூழும் சின்ன வெங்காயமும் வைத்தார். வைத்த கையைப் பார்த்தேன். விரல் ரேகைகளில் எல்லாம் வெள்ளி ஓடியிருந்தது. அலுமினியப் பவுடர்.

“செல்வம் சொன்னான்,” என்றார். “ரொம்ப வஞ்சீகளா அவனை?”

“வையல. பட்டியல் போட்டுக் கொடுத்தேன்.”

“அதுக்கு வஞ்சிருக்கலாம். ராத்திரி பூரா அந்தத் தாளையே பாத்துக்கிட்டு இருந்தானாம்.”

பெட்டி பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் எட்டு வீட்டுப் பங்காளிகளுக்கு ஒரே குலசாமி. சாமிப் பெட்டி என்பது ஒரு மரப்பெட்டி. அதைச் சுற்றி நூல்கயிறு கட்டி எட்டு முடிச்சு போட்டிருப்பார்கள். வீட்டுக்கு ஒரு முடிச்சு. தன் வீட்டு முடிச்சைத் தன் கையால்தான் அவிழ்க்க வேண்டும். அடுத்தவர் தொடக் கூடாது. எட்டும் அவிழ்ந்தால்தான் மூடி திறக்கும். வருடத்தில் ஒரு நாள், சிவராத்திரிக்கு. மற்ற நாளில் திறக்க வேண்டுமானால் எட்டு வீடும் மனம் ஒத்து வந்து நிற்க வேண்டும். என் அலுவலகக் கோப்புகளுக்கு இவ்வளவு பாதுகாப்பு கிடையாது.

முத்துமாரி அக்காவின் கணவர் இறந்த பிறகு, அவர் வீட்டு முடிச்சு இவருடையது. பொம்பளை கை முடிச்சில் படலாமா என்று இரண்டு சிவராத்திரி பேசி, மூன்றாவதில்தான் விட்டார்களாம். போன மாசியில்தான் முதல்முறையாக அவிழ்த்தார்.

நான்கு மணிக்குக் கோயில் முன்னால் கூடினார்கள். ஏழு பேர். ஒவ்வொருவராக வந்து குனிந்து தன் முடிச்சை அவிழ்த்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். எட்டாவது முடிச்சுக்கு ஆள் இல்லை. அது காளிமுத்துவுடையது. காளிமுத்து அந்தக் கம்பெனியில் போர்மேன்.

காத்திருந்தோம். வெயில் கோயில் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. மறுநாள் பதினோரு மணிக்கு விசாரணை. என் பையில் கத்தரிக்கோல் இருந்தது.

“ஒரு முடிச்சுதானே? வெட்டிவிடலாமே” என்றேன்.

பங்காளிகளில் மூத்தவர், சங்கரலிங்கம் என்று பெயர், என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. “வெட்டலாம்மா. ஏழு வீட்டு ஓலைன்னு கொண்டுபோய் வைக்கவா? ஒரு வீடு எங்களோட இல்லைன்னு கம்பெனிக்காரனே எளுதிக்கிடுவான்.”

அவர் சொன்னது சரி. கத்தரிக்கோலை உள்ளே வைத்தேன்.

காத்திருந்த நேரத்தில் முத்துமாரி அக்கா என்னைத் தனியே வேப்பமரத்துப் பக்கம் கூப்பிட்டார். நான் கேட்க நினைத்ததை அவரே ஆரம்பித்தார். ஊரில் எனக்கு டீச்சர் என்றுதான் பெயர்.

“டீச்சர், அந்தக் கறை. அது என் கை.”

எனக்கு அப்போதுதான் முழுதாக நினைவு வந்தது. சிவராத்திரி அன்று, ஓலையைத் தட்டையாகப் பிடிக்கும் என் கவ்விகளில் ஒன்று உடைந்துவிட்டது. ஓலையின் நடுப்பகுதி வளைந்து எழும்பியது. “அக்கா, ஒரு விரலால இப்படி அழுத்திப் பிடிங்க” என்று நான்தான் சொன்னேன். ஓலை படிந்து, அவர் விரலை எடுத்த பிறகு படம் பிடித்தேன். கையுறை கொடுக்கவில்லை. என் பெட்டியில் கையுறை இருந்தது.

“சோப்புப் போட்டு மூணு வாட்டி களுவிட்டுத்தான் வந்தேன். சீயக்காயும் போட்டேன். போகாது டீச்சர் அது. சாமி ஓலையில கறையாக்கிட்டேன்னு தெரிஞ்சா, மொதத் தடவையே இப்படியான்னு கேப்பாக. முடிச்சைத் திருப்பி வாங்கிருவாக. அதான் செல்வத்துட்ட எடுத்திருன்னேன்.”

கோபத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் நின்றேன். அதில் பெரிய பங்கு எனக்கே வந்தது. ஆனால் கூடவே இன்னொன்றும் உறைத்தது. அலுமினியம் ஒளியைத் திருப்பியடிக்கும். என் கேமரா பார்க்கிற அகச்சிவப்பு ஒளியிலும் அப்படித்தான். அதனால்தான் படத்தில் அது அத்தனை வெள்ளையாக விழுந்திருந்தது. அந்தக் கறை என் மூலக்கோப்பில் இருக்கிறது. ஓலையிலும் இருக்கும். செல்வத்தின் அச்சில் மட்டும்தான் இல்லை.

“அக்கா, அந்தக் கறைதான் நமக்குச் சாட்சி” என்றேன்.

அவர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். “அப்பொ எல்லாருக்கும் முன்னால சொல்லணுமா?”

சொல்ல வேண்டியிருக்கும் என்றேன்.

ஐந்தரைக்குக் கம்பெனி வேன் வந்து நின்றது. களைத்த முகங்களோடு பெண்கள் இறங்கினார்கள். கடைசியாகக் காளிமுத்து. காக்கிச் சட்டை, கையில் சாப்பாட்டுத் தூக்கு. கோயில் பக்கம் பார்க்காமல் நடந்தார். முத்துமாரி அக்கா குறுக்கே போய் நின்றார்.

“அத்தான், ஒரு முடிச்சு மிச்சம் இருக்கு.”

“பாத்தேன்.”

“பாத்தா அவுந்துருமா?”

“ஏம்மா முத்து, வெவரம் தெரியாதவ மாதிரிப் பேசாத. நாளைக்கு லோடு இருக்கு, லீவு கீவு போட்றாதன்னு மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லியாச்சு. எதுக்குச் சொன்னாருன்னு ஒனக்கும் தெரியும். நான் அதுல கையை வச்சா விடியுறதுக்குள்ள சேதி அங்கன போய்ச் சேர்ந்துரும்.”

“ஒங்க வீட்டுக் குடமும் அந்த லாரி வரிசையிலதான நிக்குது?”

“போர்மேன் வீட்டுக் குடம்னு முன்னால தள்ளி விடுதீகள்ல, அதையும் சேத்துச் சொல்லு. நெதமும் எனக்கு அது அசிங்கமாத்தான் இருக்கு.”

சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஏழு பேரும் அப்படியே நின்றார்கள். யாரும் அவரைத் திட்டவில்லை. எனக்கு மட்டும்தான் திட்ட வேண்டும் போல இருந்தது. அந்த ஏழு பேரில் நான்கு பேர் வீட்டில் யாராவது ஒருவர் அதே வேனில் போகிறவர் என்று பிறகு தெரிந்தது.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு வேன் வந்தது. நாங்கள் விடியும்போதே கோயில் முன்னால் இருந்தோம். அவிழ்த்த ஏழு முடிச்சுகளின் கயிறும் அவிழாத ஒன்றும் அப்படியே கிடந்தன. காளிமுத்து காக்கிச் சட்டையில், தூக்கோடு, வேனை நோக்கி நடந்து வந்தார். வேன் படியில் தூக்கை வைத்தார். ஓட்டுநரிடம், “ரெண்டு நிமிசம் நில்லுலே” என்றார்.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு எங்களிடம் வந்தார். முடிச்சு இறுகிப் போயிருந்தது. நகத்தால் நெம்பினார். வேன் ஹாரன் அடித்தது. பல்லால் கடித்து இழுத்தார். மறுபடி ஹாரன். கயிறு விட்டது. எச்சிலைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது வேன் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. அவருடைய சாப்பாட்டுத் தூக்கு அதன் படியிலேயே போனது.

“போகட்டும்,” என்றார். “புளிச்சோறுதான்.”

யாரோ சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

ஓலையைத் தாம்பாளத்தில் வைத்து, வெள்ளைத் துணி மூடி, ஷேர் ஆட்டோவில் சிவகாசிக்குக் கொண்டுபோனோம். சாமி ஓலை வருகிற வண்டியில் செருப்போடு ஏறக் கூடாது என்றார் சங்கரலிங்கம். ஒன்பது பேரும் வெறுங்காலோடு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். தார்ச்சாலையில் இறங்கியபோது எனக்கு மட்டும்தான் கால் சுட்டது. மற்றவர்கள் மருந்து அறையில் வெறுங்காலோடு வேலை பார்த்துப் பழகியவர்கள்.

விசாரணை அறை சின்னது. அதிகாரி ஐம்பது வயதுக்காரர், குறுக்கே பேசாதவர். கம்பெனி வக்கீல் அந்த ஆர்ட் பேப்பர் அச்சை மேசை மேல் விரித்து வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தார். பிள்ளையார் சுழி எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் முதலில் அச்சைப் பற்றிச் சொன்னேன். அது திருத்தப்பட்டது, அதை நாங்கள் சாட்சியமாக வைக்கவில்லை, எங்கெங்கே திருத்தம் என்ற பட்டியல் இதோ. வக்கீலுக்கு அது எதிர்பாராதது. போலி என்று நிரூபிக்கத் தயாராக வந்தவரிடம், ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு விளக்கை எடுத்தேன். ஓலையை மேசையில் வைத்து அதிகாரியிடம் விளக்கையே கொடுத்துவிட்டேன். “நேராக மேலே பிடிங்க சார்.” பிடித்தார். வெறும் பழுப்பு ஓலை. “இப்போ பக்கவாட்டில், மேசையோட ஒட்டிச் சாய்ச்சுப் பிடிங்க.” ஓலையில் எழுதுவது என்பது எழுத்தாணியால் கீறுவது. கீறலில் தேய்த்த மை உதிர்ந்துபோனாலும் கீறல் இருக்கும். பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால் கீறலுக்குள் நிழல் விழும். அதிகாரி விளக்கை மெல்லத் தாழ்த்தினார். வரிகள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. அவர் குனிந்து, எழுத்துக் கூட்டி, “ஊருணி” என்று தானே படித்தார்.

வக்கீல் விடவில்லை. “ஓலை இருக்கு சார், சரி. சில எழுத்து இப்பவும் தெரியலை. அதெல்லாம் இவங்க கம்ப்யூட்டர் படத்துலதான் தெரியுது. அந்தப் படம் இந்த ஓலையைத்தான் எடுத்ததுன்னு என்ன நிச்சயம்? கம்ப்யூட்டர்ல எதை வேணும்னாலும் வரையலாம். வரைஞ்சும் இருக்காங்களே.”

மடிக்கணினியில் மாசி மாதத்து மூலக்கோப்பைத் திறந்தேன். மூன்றாம் வரி நடுவில் வெள்ளைத் தீற்றல். ஓலையில் அதே இடத்தில் அதிகாரியை விளக்கை அசைக்கச் சொன்னேன். பழுப்புக்கு நடுவே சின்னதாக மினுங்கியது. அவர் திரையைப் பார்த்தார், ஓலையைப் பார்த்தார். கறைக்குள் இருந்த ரேகை வளைவு இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தது. மறுபடி திரையைப் பார்த்தார்.

“இது என்ன?” என்றார்.

நான் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது நான் சொல்ல வேண்டியது அல்ல.

முத்துமாரி அக்கா சுவரோரம் நின்றிருந்தார். ஏழு பங்காளிகளும் அதே வரிசையில்.

“என் கை சார்” என்றார். “டீச்சர் பிடிக்கச் சொன்னாக, பிடிச்சேன்.”

வக்கீல் சட்டென்று திரும்பினார். “அப்போ பழைய ஆவணத்தை நீங்களே சேதப்படுத்தியிருக்கீங்க. சார், இதைப் பதிவு பண்ணிக்கிடணும்.”

“சேதப்படுத்தலை சார், தொட்டேன்.” இரண்டு கையையும் விரித்து மேசைக்கு நேரே நீட்டினார். “இது அலுமினியப் பவுடர். ஒங்க கம்பெனிப் பவுடர்தான் சார். சோப்புக்குப் போகாது. நான் அங்கன வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து போகலை. வேணும்னா அதையும் பதிவு பண்ணிக்கிடுங்க.”

அதிகாரி பதிவு செய்தார். இரண்டையும்.

வெளியே வந்ததும் டீ குடித்தோம். நான் மூலக்கோப்புகளின் நகலையும், இரண்டு மாதம் முன்பே அனுப்பியிருக்க வேண்டிய அறிக்கையையும் அலுவலகத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். சங்கரலிங்கம் என்னிடம் மெதுவாகக் கேட்டார். “அந்தக் கறையைப் போக்க ஒங்ககிட்ட மருந்து இருக்கும்ல?”

“இருக்கு. போக்க மாட்டேன்” என்றேன்.

அவர் தலையாட்டினார். ஒத்துக்கொண்டாரா, தெரியவில்லை. முத்துமாரி அக்கா எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று டீயை ஊதிக்கொண்டிருந்தார், கேட்காத மாதிரி.

இப்போது நிலவரம் இது. நான் சென்னை திரும்பி மூன்று வாரம் ஆகிறது. ஓலை விசாரணை அலுவலகத்தின் பொறுப்பில், முத்திரை வைத்த உறைக்குள், கறையோடு இருக்கிறது. செல்வத்தின் அச்சைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக ஊரார் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தீர்ப்பு வரவில்லை. அடுத்த சிவராத்திரிக்கு முத்துமாரி அக்கா முடிச்சு அவிழ்க்கலாமா என்று பங்காளிகள் இன்னும் பேசவில்லை, பேசுவார்கள். வேன் இப்போது காளிமுத்துவுக்காக நிற்பதில்லை. லோடு இல்லை, இருந்தால் கூப்பிடுகிறோம் என்று சொல்லியிருக்கிறார்களாம். தூக்கை மட்டும், கழுவாமல், காவலாளி மூலம் கொடுத்துவிட்டார்கள். லாரி நான்கு நாளைக்கு ஒரு முறை வருகிறது. அவர் வீட்டுக் குடம் இப்போது வரிசையில் அதற்குரிய இடத்தில் நிற்கிறது. ஊருணியில் தண்ணீர் இருக்கிறது. கதவு பூட்டியிருக்கிறது.